பெல்லட் அடுப்பைச் சுத்தம் செய்ய எந்த பிரஷ்: புகையின் வழியை அளந்த பிறகு வாங்கிய கருவிகள்

மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளான பெல்லட்டுகளை எரிக்கும் அடுப்பு என்னுடையது. அதற்கென்றே விற்கப்படும் சுத்திகரிப்புத் தொகுப்பு ஒன்றை முதலில் வாங்கினேன். அதில் இருந்த கருவிகளில் பாதி என் அடுப்பின் எந்த இடுக்கிலும் நுழையவில்லை. நுழைந்தவற்றில் ஒன்று, சாம்பலே படியாத இடத்தை வெகு நேர்த்தியாகத் துலக்கித் தந்தது. அடைப்பு இருந்த இடத்தை அந்தத் தொகுப்பில் இருந்த எதுவும் எட்டவே இல்லை. இப்போது என் பையில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் பெயிண்ட் கடையிலும் குழாய்ச் சாமான் கடையிலும் கிடைப்பவை. அடுப்பு ஒழுங்காக எரிகிறது. எந்த இடத்துக்கு எந்தக் கருவி, ஏன் என்பதை வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

அறிகுறிகள் படிப்படியாக வந்தன. குட்டையாகவும் துடிப்பாகவும் எரிந்துகொண்டிருந்த சுடர் நீண்டு, செம்மஞ்சள் நிறமாகி, சோம்பலாக அலைந்தது. முன்பு பல நாள் தெளிவாக இருந்த கண்ணாடி ஒரே இரவில் கறுத்தது. எரிகிண்ணத்தில் பெல்லட் முழுதாக எரியாமல் குவிந்தது. கடைசியில் புகை இழுப்பு குறைந்துவிட்டது என்ற எச்சரிக்கையைக் காட்டி அடுப்பு தானாக நின்றது. விறகு அடுப்பில் சூட்டினால் புகை மேலே ஏறுகிறது. பெல்லட் அடுப்பில் ஒரு சிறிய விசிறி புகையை இழுத்து வெளியே தள்ளுகிறது. வழியில் எங்காவது விரல் அகலம் குறைந்தாலும் அது உடனே தீயில் தெரிந்துவிடும்.

கருவி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, தீயிலிருந்து வெளிச்சுவர் வரை புகை எப்படிப் போகிறது என்று வரைய வேண்டும். என் அடுப்பில் எரிகிண்ணத்தின் அடித்துளைகள் வழியாகக் காற்று நுழைகிறது. தீயின் புகை மேலே எழுந்து, குறுக்காகப் பதித்த வெப்பக் குழாய்களுக்கு இடையே புகுந்து, உள்சுவர்ப் பலகைக்குப் பின்னால் திரும்பிக் கீழே இறங்குகிறது. இரண்டு பக்கமும் உள்ள ஒடுக்கமான சந்துகள் வழியாக விசிறி அறைக்கு வந்து, அங்கிருந்து 80 மி.மீ. புகைக்குழாய்க்குப் போகிறது. மேலே ஏறும் புகை கீழே திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் சாம்பலைப் போட்டுவிட்டுப் போகும். ஆகவே படத்தில் வளைவுகளை வட்டமிட்டாலே கருவிப் பட்டியலில் முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு வட்டத்துக்கும் அருகில் மூன்று அளவுகளைக் குறித்தேன்: வாய் எவ்வளவு அகலம், உள்ளே எவ்வளவு ஆழம், போகும் வழியில் எத்தனை திருப்பம். சந்துக்குள் ஸ்கேல் போகாத இடங்களில் கட்டுக்கம்பியை வளைத்து விட்டு, முட்டிய இடத்தில் விரலால் பிடித்து, வெளியே எடுத்து அளந்தேன்.

அந்த மூன்று அளவுகள் இல்லாமல் வாங்கியதால்தான் முதல் தொகுப்பு வீணானது. கடையில் எல்லா பிரஷும் நீளமாகத்தான் தெரியும்.

சாம்பல் உறிஞ்சும் கருவி

அடுப்பு முழுதாக ஆறியிருக்க வேண்டும். மின் இணைப்பைச் சுவரிலிருந்தே பிடுங்கியிருக்க வேண்டும். பொத்தானை அணைத்தால் மட்டும் போதாது. விசிறியில் விரல் வைக்கப்போகிறோம். தரையில் பழைய துணியை விட நனைத்துப் பிழிந்த துணி நல்லது, விழுந்த சாம்பல் மீண்டும் எழும்பாது. முகக்கவசம் கட்டாயம். பெல்லட் சாம்பல் மாவைவிட நுண்ணியது. ஈரம் பட்டால் காரமாகித் தோலை அரிக்கும் என்பதால் கையுறையும் போட்டேன்.

வீட்டில் பயன்படுத்தும் வேக்குவம் கிளீனரை இந்த வேலைக்கு எடுக்கக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சாதாரண வடிகட்டியைத் தாண்டி நுண்சாம்பல் மோட்டாருக்குள் போகும், மிச்சம் பின்பக்கமாக அறைக்குள்ளேயே திரும்ப வரும். அதைவிடப் பெரிய ஆபத்து, சாம்பலுக்குள் மூடிக்கிடக்கும் கங்கு. சாம்பல் நல்ல வெப்பத்தடுப்பான். மேலே கை வைத்தால் குளிர்ந்திருக்கும், அடியில் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். உறிஞ்சும்போது காற்று பட்டுக் கங்கு கனன்றால் தாள்ப்பை பற்றிக்கொள்ளும். உலோகத் தொட்டியும் உலோகச் சுருள் குழாயும் தீப்பிடிக்காத வடிகட்டியும் கொண்ட சாம்பல் வேக்குவம் தனியாகவே விற்கப்படுகிறது. மொத்தச் செலவில் பெரும்பங்கை இதுதான் எடுத்துக்கொண்டது. மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பார்க்கலாம், இதில் பார்க்கக் கூடாது என்பது என் முடிவு. அதற்காகச் சூடான சாம்பலை இதில் உறிஞ்சலாம் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலானவை ஆறிய சாம்பலுக்கு மட்டுமே.

தொட்டியின் கொள்ளளவைத் தேர்ந்தெடுக்க ஒரு சின்னக் கணக்கு உதவியது. பெல்லட்டின் தரப்பிரிவுகளில் உயர்ந்ததான ஏ1-இல் சாம்பல் 0.7 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஏ2 தரத்தில் 1.2 சதவீதம் வரை போகலாம். 15 கிலோ பை ஒன்று எரிந்தால் ஏ1-இல் அதிகபட்சம் 105 கிராம், ஏ2-இல் 180 கிராம். ஒரு டன்னுக்கு 7 கிலோ அல்லது 12 கிலோ. எடையாகப் பார்த்தால் பெரிதில்லை, ஆனால் பஞ்சுபோல் பருத்த சாம்பல் இடத்தை அடைக்கும். 18 லிட்டர் தொட்டி எனக்குத் தாராளமாகப் போதுகிறது. கொள்ளளவை விட, வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்ய வெளியிலேயே ஒரு பொத்தான் அல்லது நெம்புகோல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. நுண்சாம்பல் சில நிமிடங்களில் வடிகட்டியை மூடிவிடும். உறிஞ்சும் வலு பாதியாகிவிட்டது தெரியாமலேயே வேலையைத் தொடர்ந்துகொண்டிருப்போம்.

எரிகிண்ணம்

இங்கே பிரஷுக்கு வேலையே இல்லை. தொகுப்பில் வந்த பித்தளைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பார்த்தேன். கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த சிட்டக்கட்டி அசையவில்லை. மரப்பட்டையும் மணலும் கலந்த பெல்லட்டின் சாம்பல் சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது. அதற்கு வேண்டியது கூர்விளிம்பு. பட்டி பார்க்கும் இரும்புத் தகடு ஒன்று, 40 மி.மீ. அகலம், வளையாத வகை. விளிம்பைக் கட்டிக்கும் கிண்ணத்துக்கும் இடையே வைத்து அழுத்தினால் பெயர்ந்து வருகிறது. மூலைகளுக்குப் பழைய தட்டை ஸ்க்ரூடிரைவர்.

துளைகளைத் திறக்க ஆணி, கம்பி, ஆலன் சாவி எல்லாம் பயன்படும். எனக்குப் பிடித்தது டிரில் பிட். துளைக்குச் சரியான விட்டமுள்ள பிட்டை எடுத்து, இயந்திரத்தில் மாட்டாமல் விரலாலேயே சுழற்ற வேண்டும். புரிகள் கரியைச் சுரண்டி வெளியே கொண்டுவந்துவிடுகின்றன. துளை பெரிதாவதும் இல்லை. பாதித் துளை அடைபட்ட கிண்ணத்தில் காற்று திறந்திருக்கும் பக்கம் மட்டும் பாய்வதால், பெல்லட் ஒரு பக்கமாகக் குவிவதை முதலில் வேறு கோளாறு என்றுதான் நினைத்திருந்தேன். பிட்டின் பின்பக்கத்தில் துணி நாடா சுற்றி ஒரு கைப்பிடி செய்துகொண்டால் விரல் வலிக்காது. பற்றவைக்கும் தண்டு எட்டிப் பார்க்கும் துளையில் மட்டும் உலோகத்தை விடாதீர்கள். தண்டு பீங்கானாக இருந்தால் எளிதில் உடைந்துவிடும். அங்கே மென்மையான பிரஷும் உறிஞ்சியும் போதும்.

கிண்ணம் கழற்றக்கூடியதாக இருந்தால், அது உட்காரும் விளிம்பையும் துடைக்க வேண்டும். அங்கே ஒரு துண்டு சிட்டம் கிடந்தால் கிண்ணம் சரியாக அமராது. காற்று துளைகள் வழியாக வராமல் அந்த இடைவெளி வழியாகப் போய்விடும்.

வெப்பக் குழாய்கள்

தொகுப்பின் பெருமையே 35 மி.மீ. விட்டமுள்ள வட்ட பிரஷ்தான். என் அடுப்பின் வெப்பக் குழாய்களின் உள்விட்டம் 32 மி.மீ. மிகச் சரியான பொருத்தம் என்று மகிழ்ந்து, ஒவ்வொரு குழாயாக உள்ளே விட்டுத் தேய்த்தேன். வந்தது வீட்டுத் தூசி. சாம்பல் ஒரு சிட்டிகைகூட இல்லை.

காரணம் எளிது. சில அடுப்புகளில் புகை குழாய்க்குள் போகிறது, அறைக்காற்று வெளியே சுற்றுகிறது. சிலவற்றில் நேர் எதிர்: அறைக்காற்று குழாய்க்குள், புகை வெளியே. என்னுடையது இரண்டாவது வகை. முகப்பில் கம்பித்தடுப்புக்குப் பின்னால் குழாய்களின் திறந்த வாய் அறையை நோக்கித் தெரிந்தால், அவற்றுக்குள் போவது அறைக்காற்று. வாங்குவதற்கு முன் ஒரு டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். முதல் வகை அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு அந்த வட்ட பிரஷ் இன்றியமையாதது. உள்விட்டத்தைவிட 2 முதல் 3 மி.மீ. பெரிதாக, முறுக்குக்கம்பித் தண்டோடு, குழாயின் முழு நீளத்தையும் தாண்டி மறுமுனையில் எட்டிப் பார்க்கும் நீளத்தில் வாங்க வேண்டும். குழாய்க்குள் சுருள் தகடு செருகியிருந்தால் அதை முதலில் உருவிவிட வேண்டும்.

என் வகைக்கு வேண்டியது குழாய்களுக்கு இடையே உள்ள 18 மி.மீ. சந்தில் நுழையும் கருவி. முகப்பில் இழுத்துத் தள்ளும் சுரண்டுதண்டு ஒன்று இருக்கிறது. தினமும் இழுத்தால் குழாயின் கீழ்ப்பாதியில் பெரும்பகுதி சுத்தமாகிறது. மேல்பக்கத்தில் படியும் சாம்பலை அது தொடுவதில்லை. பாட்டில் கழுவும் வகையிலான 20 மி.மீ. பிரஷைத் தண்டில் பாதியளவில் செங்கோணமாக வளைத்துப் பயன்படுத்தினேன். நைலான் இழையே போதும், ஏனெனில் அங்கே இருப்பது தொட்டாலே உதிரும் சாம்பல். எஃகு இழையை அங்கே விட்டால் குழாயின் பக்கவாட்டில் மாட்டிக்கொண்டு வளைகிறது. எடுக்கும்போது இழைகள் கழன்று விழுகின்றன.

அங்கே படிந்தது உதிராமல் கறுப்பாக, பளபளப்பாக, கீறினால் செதில்போல் பெயரும் நிலையில் இருந்தால், எரிதல் நெடுநாளாகவே சரியில்லை என்று பொருள். அதற்கு மட்டும் கம்பி பிரஷ். கூடவே, காற்று எங்கே குறைகிறது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் அதே பளபளப்பு.

பலகைக்குப் பின்னால்

அடைப்பு இருந்தது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தீயறையின் பின்சுவரில் இருந்தது வெர்மிகுலைட் என்ற சூடு தாங்கும் கனிமத்தால் ஆன பலகை. பார்க்கக் கல்போல் இருந்தாலும் விரல் நகம் பட்டாலே கோடு விழும் அளவுக்கு மென்மையானது. மேலே ஒரு தகட்டைத் தூக்கினால் பலகை முன்னால் சாய்ந்து வருகிறது. இதன் மீது எந்த பிரஷும் வேண்டாம், உறிஞ்சிக் குழாயின் உலோக முனையும் வேண்டாம். மென்மையான பெயிண்ட் பிரஷால் வருடி எடுத்து, செய்தித்தாள் மீது படுக்கவைத்துவிடுங்கள். பலகையை எடுத்ததும் பின்னால் இரண்டு சந்துகளின் மேல்வாய் தெரிந்தது. அகலம் 25 மி.மீ., ஆழம் என் கம்பிக் கணக்கில் 46 செ.மீ., அடியில் உள்நோக்கி ஒரு திருப்பம்.

தொகுப்பின் பிரஷ்களில் இந்த அகலத்துக்குள் போகக்கூடியது ஒன்றுகூட இல்லை. உறிஞ்சியின் முனையோ 38 மி.மீ. தீர்வாக வந்தது 16 மி.மீ. வெளிவிட்டமுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய், ஒரு மீட்டர். ஒரு முனையைத் துணி நாடாவைச் சுற்றிச் சுற்றித் தடிமனாக்கி உறிஞ்சியின் வாயில் செருகினேன். மறுமுனையைச் சாய்வாக வெட்டினேன். நேராக வெட்டினால் அடித்தகட்டில் ஒட்டிக்கொண்டு இழுப்பது நின்றுவிடும். சாய்வாக வெட்டினால் எப்போதும் ஒரு பக்கம் திறந்திருக்கும். ஒளிபுகும் குழாயாக இருப்பதில் ஒரு வசதி, சாம்பல் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது. எப்போது முடிந்தது, எப்போது அடைத்தது என்று ஊகிக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் என்பதால் கங்கு இல்லாத, முழுதாக ஆறிய அடுப்பில் மட்டுமே இது செல்லும். நான் முந்தின இரவிலிருந்தே அடுப்பை அணைத்து வைத்து, சாம்பல் தட்டைக் கிளறிப் பார்த்த பிறகுதான் குழாயை விட்டேன்.

உறிஞ்சுவது மட்டும் போதவில்லை. சந்தின் சுவரில் ஒட்டியிருந்த படலம் அப்படியே நின்றது. அதை விழவைக்க முதலில் மெல்லிய தட்டைக் கம்பியின் நுனியில் துணி சுற்றித் தள்ளினேன். துணி கழன்று உள்ளேயே தங்கிவிட்டது; அதை மீன்பிடிப்பதில் நிறைய நேரம் போனது. பிறகு ரப்பர் சுத்தியல். உறிஞ்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே தீயறையின் பின்தகட்டை உள்ளிருந்து மெதுவாகத் தட்டினால் உள்படலம் சரிந்து விழுகிறது, ஒளிபுகும் குழாயில் ஓடுகிறது. ஓங்கி அடிக்க வேண்டியதில்லை. சிறு சிறு தட்டல்கள், இடம் மாற்றி மாற்றி. வெல்டிங் ஓரங்களையும் உணர்வி பொருத்திய இடங்களையும் விட்டுவிட்டேன். இரண்டு சந்துகளிலிருந்தும் வந்த சாம்பல், தீயறை முழுவதிலும் வந்ததைவிட அதிகம்.

அடித்திருப்பத்துக்கு மட்டும் பிரஷ் தேவைப்பட்டது. வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும் கம்பித் தண்டும், நுனியில் மட்டும் 5 செ.மீ. நீளத்துக்கு இழையும் கொண்ட பிரஷ் அது. குளிர்பதனப் பெட்டியின் பின்புறக் கம்பிச்சுருளைத் தூசி தட்ட விற்கும் நீண்ட, மெல்லிய பிரஷ் இதற்கு மிகவும் பொருந்துகிறது. இந்த ஒரு பிரஷும் பிளாஸ்டிக் குழாயும் சேர்ந்து, பெட்டியில் வந்த தொகுப்பின் விலையில் சிறு பங்கைத்தான் கேட்டன.

விசிறியும் அழுத்தக் குழலும்

புகை விசிறியைக் கழற்ற என் அடுப்பில் 8 மி.மீ. நட்டுகள். மின்கம்பிகளைக் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். விசிறிச் சக்கரத்தின் இதழ்களுக்கு நடுவே சாம்பல் அப்பியிருந்தது. இங்கே 25 மி.மீ. அகலமுள்ள பெயிண்ட் பிரஷ்தான் ராஜா. இழையைக் கத்தரித்துப் பாதி நீளமாக்கினால் விறைப்பு கூடி, இதழ்களின் மூலை வரை தேய்க்கும். கம்பி பிரஷ், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் இதழை வளைத்துவிடும். வளைந்த இதழ் சமநிலையைக் கெடுத்து அதிர்வையும் இரைச்சலையும் கொண்டுவரும். சக்கரத்தின் விளிம்பில் சிறிய உலோகக் கவ்வி ஏதாவது இருந்தால், அது சமநிலைக்காகத் தொழிற்சாலையில் போட்டது, எடுத்துவிட வேண்டாம். உறிஞ்சியை அருகில் கொண்டுபோகும்போது சக்கரத்தை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் தறிகெட்டுச் சுழன்று பேரிங்கைப் பதம் பார்க்கும்.

விசிறிக்கும் அடுப்புக்கும் இடையே கசிவைத் தடுக்கும் காஸ்கெட் எடுக்கும்போதே கிழிந்தது. சூட்டில் வெந்த காஸ்கெட் கிழியத்தான் செய்யும். அதை மாற்றாமல் மூடினால் புகை அறைக்குள் கசியலாம். கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியாது. புதியது வந்து சேரும்வரை அடுப்பு பிரிந்தே கிடந்தது. பெல்லட் அடுப்பு இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பதைக் கருவிப் பட்டியலிலேயே சேர்த்துவிடலாம்.

அழுத்தத்தை உணரும் சுவிட்சுக்குப் போகும் சிலிகோன் குழல், அடுப்பின் உடலில் ஒரு சிறு முலைபோன்ற நுனியில் செருகியிருக்கும். அந்த நுனியின் துளை அடைபட்டாலும் இழுப்பு இல்லை என்றே அடுப்பு நினைக்கும். குழலைக் கழற்றிவிட்டு, புகையிலை பிடிக்கும் பைப்பைத் துடைக்க விற்கும் பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பியை நுனிக்குள் விட்டுச் சுழற்றினேன். குழலின் மறுமுனை சுவிட்சில் இருக்கும்போது வாயால் ஊதக் கூடாது. உள்ளே இருப்பது மெல்லிய சவ்வு.

புகைக்குழாய்

பிரஷ் என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இந்த இடம். கடைக்காரர்கள் அதிகம் பேசுவதும் இதைப் பற்றித்தான். பேச்சுக்கு ஏற்ற அளவு கடினமான வேலை இல்லை. அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

உள்விட்டத்தை அளக்க வேண்டும். இரட்டைச் சுவர்க் குழாயை வெளியிலிருந்து அளந்து பிரஷ் வாங்கினால் அது நுழையவே நுழையாது. 80 மி.மீ. குழாய்க்கு 80 மி.மீ. பிரஷ், நைலான் அல்லது பாலிபுரோப்பிலீன் இழை என்றால் சில மி.மீ. பெரிதாக இருந்தாலும் இழை மடிந்து கொடுக்கும். எஃகு இழையில் அந்த இளக்கம் இல்லை. மேலும் எஃகு பிரஷை உள்ளே தள்ளிவிட்டுப் பாதியில் திசை மாற்றி இழுப்பது பெரும்பாடு. தள்ளும்போது பின்னால் சாய்ந்த இழைகள், இழுக்கும்போது முன்னால் புரள இடமில்லாமல் சுவரில் குத்தி நின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் சாதாரண எஃகு பிரஷ் விட்டுச் செல்லும் துணுக்குகள் பின்னால் துருப்புள்ளிகளாகும். ஒழுங்காக எரியும் பெல்லட் அடுப்பின் குழாயில் இருப்பது பெரும்பாலும் பொடிச்சாம்பல்தான், விறகு அடுப்பின் தார்ப்படலம் அல்ல. பொடிக்குப் பிளாஸ்டிக் இழையே போதும். குழாய் தயாரிப்பாளரின் குறிப்பில் எந்த வகை பிரஷ் என்று எழுதியிருந்தால் அதுவே கடைசிச் சொல்.

தண்டுகள் விஷயத்தில் நான் கற்றது திருகு மரை பற்றி. தொகுப்பின் தண்டுகளில் எம்10 (10 மி.மீ.) மரை. தனியாக வாங்கிய 80 மி.மீ. பிரஷில் எம்12. இரண்டையும் இணைக்கும் துண்டு கிடைக்கிறது, ஆனால் அந்தத் துண்டு விறைப்பாக இருப்பதால் வளைவில் மாட்டுகிறது. ஒரே மரையில் எல்லாவற்றையும் வாங்குவதே மேல். மரையால் இணையும் தண்டுகளை எப்போதும் வலஞ்சுழியாக மட்டுமே திருப்ப வேண்டும். ஒரு முறை இடஞ்சுழியாகத் திருப்பினால் இணைப்பு கழன்று, பிரஷ் குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். பொத்தான் பூட்டு வகைத் தண்டுகளில் இந்தப் பயம் இல்லை, விலை கூடுதல். குழாய் நீளத்தைவிட ஒரு தண்டு அதிகமாகவே வைத்துக்கொண்டேன்.

45 பாகை வளைவில் நைலான் தண்டு சிரமமில்லாமல் போனது. 90 பாகை வளைவில் தள்ளத் தள்ள தண்டு வில்லாக வளைந்ததே தவிர, பிரஷ் நகரவில்லை. அந்த வளைவை வெளிப்பக்கமிருந்தும் உள்பக்கமிருந்தும் இரண்டு துண்டாகச் சுத்தம் செய்து, வளைவுக்குள் மட்டும் கையால் துடைத்தேன். நேர்க்குத்துக் குழாயின் அடியில் இருக்கும் டி வடிவ இணைப்பின் மூடியைத் திறந்து, அதன் கீழே சாம்பல் பிடிக்கும் வாளியை வைத்துவிட்டுத்தான் மேலே பிரஷை விட வேண்டும். மூடி திறந்ததும் அதன் அடியில் தேங்கியிருந்தது ஒரே கொத்தாக இறங்கும். படுக்கைவாட்டில் போகும் துண்டில் பிரஷ் சாம்பலைக் கலைக்குமே ஒழிய வெளியேற்றாது. பிரஷுக்குப் பின்னாலேயே உறிஞ்சியும் போக வேண்டும். இணைப்புகளை மூடும்போது ரப்பர் வளையங்களில் சாம்பல் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன்.

வாளி உலோகமாக, மூடியோடு இருக்க வேண்டும். சாம்பலை அதில் கொட்டி, மூடி, எரியாத தரையில் வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டேன்.

கண்ணாடிக்குத் தனிக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஈரச் செய்தித்தாளில் நுண்சாம்பலைத் தொட்டுத் தேய்த்தால் கறுப்பு போகிறது. சாம்பலில் சிட்டத்துணுக்கு இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கீறல் விழும். கண்ணாடி ஆறியிருக்க வேண்டும். கதவின் கயிற்றுக் காஸ்கெட்டைச் சோதிக்க ஒரு தாள்துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தேன். கீழ் மூலையில் மட்டும் தாள் இலகுவாக உருவிக்கொண்டு வந்தது. அந்தக் கயிற்றையும் மாற்றினேன்.

எல்லாவற்றையும் பூட்டி எரியவிட்டபோது சுடர் குட்டையாக, கிண்ணத்துக்கு நேர் மேலே நின்றது. எச்சரிக்கை திரும்ப வரவில்லை. கண்ணாடி இப்போது மெல்ல, சாம்பல் நிறத்தில் மங்குகிறது, கறுப்பதில்லை. அதே அளவு எரிபொருளுக்கு அறை சூடாவதும் கண்கூடாகத் தெரிகிறது. பெல்லட்டின் தரத்தை மாற்றவில்லை, காற்று அமைப்பையும் தொடவில்லை, ஆகவே இந்த மாற்றத்துக்குப் பெரும்பாலும் சந்துகளிலும் விசிறியிலும் இருந்து எடுத்த சாம்பலே காரணம்; மாற்றிய கதவுக் கயிறும் கொஞ்சம் உதவியிருக்கலாம்.

செலவைப் பார்த்தால், சாம்பல் உறிஞ்சி முதலிடம், அடுத்தது புகைக்குழாய்த் தண்டுகளும் பிரஷும், மூன்றாவது காஸ்கெட்டுகள். பட்டித் தகடு, பெயிண்ட் பிரஷ், டிரில் பிட், பிளாஸ்டிக் குழாய், ரப்பர் சுத்தியல், நீண்ட மெல்லிய பிரஷ் எல்லாம் சேர்த்தும் அந்த மூன்றில் எதற்கும் அருகில் வரவில்லை. முதலில் வாங்கிய தொகுப்பில் இன்னும் பயன்படுவது ஒரே ஒரு சாம்பல் வாரி.

அடுத்த முறைக்கு மாற்ற வேண்டியவை சில. விசிறியைக் கழற்றுவதற்கு முன்பே காஸ்கெட் கையில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயைக் கொஞ்சம் சிறிய விட்டத்திலும் இன்னொன்று வாங்குவேன், வலது சந்தின் அடித்திருப்பத்தில் 16 மி.மீ. சற்று உரசுகிறது. கைப்பேசியில் இணைக்கும் கம்பிக் கேமரா ஒன்றும் வேண்டும். இப்போதைக்கு அந்தத் திருப்பம் சுத்தமாகிவிட்டதா என்று குழாயில் ஓடும் சாம்பலை வைத்துத்தான் முடிவுசெய்கிறேன். 90 பாகை வளைவை எடுத்துவிட்டு மூடி வைத்த டி இணைப்பைப் போட முடியுமா என்று குழாய் பொருத்துபவரிடம் கேட்டிருக்கிறேன். கோடையில் அவர் வந்து பார்ப்பார். அதற்குள் இன்னும் ஒரு தடவை அந்த வளைவைக் கையால்தான் துடைக்க வேண்டியிருக்கும்.